முடிவுக்கும் தொடக்கத்துக்கும் இடையே

கடல் கொந்தளிக்கும் மாதங்களில் படகு கவிழ்ந்தவர்களை மீட்டு வருவதற்கென்றே மூன்று ஹெலிகாப்டர்களை வைத்திருந்த தளம் ஒன்று தென்கடற்கரையில் இருந்தது. அதன் தலைமைப் பொறியாளர் மெய்யம்மை. ஒரு ஹெலிகாப்டர் பறக்கலாம் என்று அவர் கையெழுத்திட்டால் அது பறக்கும். இடாவிட்டால், எத்தனை பெரிய மனிதர் தொலைபேசியில் அழைத்தாலும் கொட்டகையிலேயே நிற்கும்.

அவரிடம் தொழில் கற்க வந்தவர் சேந்தன். வயதில் மெய்யம்மையைவிடப் பத்தாண்டு மூத்தவர். வங்கிகளுக்கு மென்பொருள் எழுதிப் பெயர் பெற்றபின், ஐம்பதைக் கடந்த வயதில் ஹெலிகாப்டர் பக்கம் திரும்பியவர். தளத்தில் இருந்தவர்கள் மெய்யம்மையைக் குருவம்மா என்றும் சேந்தனைச் சீடர் என்றும் முதுகுக்குப் பின்னால் அழைத்தார்கள். மூத்த விமானியான கேப்டன் மச்சாடோ மட்டும் நேருக்கு நேராகவே அழைத்தார்.

"என்ன சீடரே, தலை நரைச்ச பிறகு குருகுலவாசமா?"

"நரைச்ச தலையிலேயும் இடம் இருக்கு, கேப்டன்."

"இருக்கு, பார்த்தேன். முன்பக்கம் ஒரு ஹெலிகாப்டரே இறக்கலாம்."

சேந்தன் சிரித்துக்கொள்வார். அவருக்குத் தம் வேலையின்மேல் அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது. இருப்பதற்குக் காரணமும் இருந்தது.

தலைக்கு மேல் சுழலும் இறக்கைகளை நடுவில் இறுகப் பிடித்திருக்கும் பாகத்தை ரோட்டார் தலை என்பார்கள். ஹெலிகாப்டர் இத்தனை மணி நேரம் பறந்ததும் அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது மாட்ட வேண்டும் என்பது தயாரித்தவர்கள் வகுத்த விதி. எந்த விமானி எப்படி ஓட்டுவார் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஆகவே, எல்லாரும் ஓரளவு முரட்டுத்தனமாகவே ஓட்டுவார்கள் என்று வைத்துக்கொண்டு வகுத்திருந்தார்கள். அந்த ஆண்டு மூன்று ஹெலிகாப்டர்களுக்கும் கெடு ஐப்பசியில் முடிய இருந்தது. புதிய பாகங்களோ தைக்கு முன் வந்து சேரா.

சேந்தனின் மென்பொருள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தது. ஹெலிகாப்டருக்குள் இருக்கும் பதிவுக்கருவி வேகத்தையும் உயரத்தையும் சாய்வையும் விசையையும் இடைவிடாமல் பதிந்து வைக்கும். மென்பொருள் அவற்றைப் படித்து, பறந்த ஒவ்வொரு நொடிக்கும் ஒரு பெயர் சூட்டும்: ஏற்றம், நேர்ப்பறப்பு, திருப்பம், இறக்கம், அந்தரத்தில் நிற்றல். எந்த நிலையில் எவ்வளவு நேரம் கழிந்தது என்று தெரிந்தால், அந்த உலோகம் எவ்வளவு களைத்திருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். மென்மையாகப் பறந்திருந்தால் பாகத்தை மேலும் சில காலம் வைத்துக்கொள்ளலாம்.

மென்பொருளை மெய்யம்மை ஏற்றுக்கொண்டால் புயல் மாதங்களில் ஹெலிகாப்டர்கள் பறக்கும். ஏற்காவிட்டால் மூன்றும் நிற்கும். கடலில் விழுந்தவன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மூன்றாண்டு உழைப்புக்குப் பின் சேந்தன் அந்த ஒரு கையெழுத்துக்காகக் காத்திருந்தார்.

சோதனைக்கு அந்தத் தளத்தில் ஒரு முறை இருந்தது. விமானி தாம் செய்யப்போவதை முதலில் உரக்கச் சொல்வார்: "இடத்திருப்பம், தொடக்கம்." பிறகு ஹெலிகாப்டரைச் சாய்த்து, அந்தச் சாய்விலேயே அசையாமல் பிடித்திருப்பார். "முடிவு" என்பார். ஆசுவாசப்படுத்திக்கொண்டு அடுத்ததைச் சொல்வார்: "ஏற்றம், தொடக்கம்." தரையிறங்கிய பிறகு, விமானி சொன்ன பெயரும் மென்பொருள் சூட்டிய பெயரும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பார்கள். வேறிடங்களில் இதை ஆங்கிலத்தில் சொல்வது வழக்கம். இங்கே தமிழில்தான் சொல்ல வேண்டும் என்பது மெய்யம்மையின் ஏற்பாடு. மச்சாடோ அதைப் பள்ளிக்கூடப் பிள்ளை செய்யுள் ஒப்பிப்பது போல ராகம் போட்டுச் சொல்வார்.

அப்படிப் பறந்து முடித்த சோதனைகளின் முடிவை எடுத்துக்கொண்டு சேந்தன் ஒருநாள் மெய்யம்மையின் அறைக்குள் நுழைந்தார்.

"நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது, மேடம்."

மெய்யம்மை திரையைப் பார்த்தார். ஒரு பறப்பு முழுவதும் நீண்ட வண்ணப் பட்டையாக விரிந்து கிடந்தது. நேர்ப்பறப்புக்கு நீலம், ஏற்றத்துக்குப் பச்சை, திருப்பத்துக்குச் சிவப்பு. தறியிலிருந்து அப்போதுதான் இறக்கிய துணிபோல எங்கும் ஒரு சிறு இடைவெளிகூட இல்லை.

"அழகா இருக்கு."

"நன்றி, மேடம்."

"பாராட்டலை, சார். அழகா இருக்குன்னு சொன்னேன்."

சேந்தன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கேப்டன் முடிவுன்னு சொன்னதுக்கும் அடுத்த தொடக்கம் சொன்னதுக்கும் நடுவுல என்ன செஞ்சார்?"

"ஒண்ணும் செய்யலையே. அடுத்ததுக்குத் தயாரானார். அந்த நொடிகளை மதிப்பெண்ணுல சேர்க்கறதில்லை."

"அப்போ ஹெலிகாப்டர் எங்கே இருந்தது?"

"வானத்துலதான்."

"ரோட்டார்?"

"சுத்திக்கிட்டுத்தான் இருந்தது."

"ஆனா படத்துல அந்த நொடிகளுக்கும் நிறம் இருக்கே. யார் குடுத்தது?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போலச் சேந்தன் விளக்கத் தொடங்கினார். எந்தப் பெயருக்குள்ளும் அடங்காத நொடி ஒன்று வந்தால், மென்பொருள் அதற்கு முந்திய நொடியின் பெயரையே அதற்கும் கொடுத்துவிடும். தொடக்கத்தில் அந்த நொடிகள் வெள்ளையாகத்தான் விழுந்தன. பட்டை முழுவதும் பூச்சி அரித்த சேலைபோல ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது. வங்கி மென்பொருளில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் மேலாளர் அறையே அதிரக் கத்துவார். அந்தப் பழக்கத்தில் ஓட்டைகளை அடைத்துவிட்டார்.

"ஒண்ணு ரெண்டு நொடிதான், மேடம். தூசு."

மெய்யம்மை தலையை ஆட்டினார். அது ஒப்புதலா, வெறும் தலையாட்டலா என்று சேந்தனுக்குப் பிடிபடவில்லை.

"கையெழுத்து எப்போ, மேடம்?"

"கேள்வியை மாத்திக் கேளுங்க."

"சரி, மாத்தியே கேக்கறேன். ஒரு மென்பொருளுக்கு ஹெலிகாப்டரைத் தெரியும்னு நீங்க எப்போ ஒத்துக்குவீங்க?"

"நாளைக் காலையில கேப்டனோட ஒரு சுற்றுப் போய்ட்டு வரலாம்."

"எந்தச் சோதனை?"

"சோதனை இல்லை. சும்மா."

மறுநாள் காலையில் காற்று சற்று மிகுதியாகவே இருந்தது. மச்சாடோ தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"அம்மா, இன்னைக்கு எதை ஒப்பிக்கணும்?"

"ஒண்ணும் ஒப்பிக்க வேண்டாம், கேப்டன். துறைமுகத்துக்கு வெளியே ஒரு மிதவை கிடக்கு. அதைப் படகுலேர்ந்து விழுந்த ஆளுன்னு நினைச்சுக்குங்க. போய்த் தூக்கறதுக்குத் தயாரா நில்லுங்க. நிஜமா எப்படிப் போவீங்களோ அப்படிப் போங்க."

"அப்பாடா! ஒரு மாசமா வாய்தான் வலிச்சுது, கை சும்மா இருந்துச்சு."

மெய்யம்மை சேந்தனின் பக்கம் திரும்பினார்.

"சார், மென்பொருள் தன் பாட்டுக்கு ஓடட்டும். கணினியை மூடி மடியில வெச்சுக்குங்க. நீங்க ஜன்னல் வழியாப் பார்த்து, ஹெலிகாப்டர் என்ன செய்யுதோ அதை மைக்குல சொல்லிக்கிட்டே வாங்க. நாங்க கேக்கறோம்."

"இது சின்னப் பிள்ளை விளையாட்டு, மேடம்."

"ஆமா. ஆரம்பிங்க."

தரை விலகியது. சேந்தனின் குரல் எல்லாருடைய காதிலும் கணீரென்று ஒலித்தது. "ஏற்றம்." உப்பளங்கள் கீழே நகர்ந்தன. "வலத்திருப்பம்." கடற்கரை பின்னால் போயிற்று. "நேர்ப்பறப்பு. நேர்ப்பறப்பு. இன்னும் நேர்ப்பறப்புதான்." அவருக்கே அது பிடித்துப்போயிற்று. கிரிக்கெட் வருணனை செய்பவர்போல ஒரு தோரணை குரலில் ஏறிக்கொண்டது.

மிதவை ஆரஞ்சுப் புள்ளியாகத் தெரிந்தது. மச்சாடோ அதைக் கடந்து, காற்றை எதிர்கொள்வதற்காக வளைத்தார். வளைக்கும்போதே இறக்கினார். இறங்கும்போதே வேகத்தைக் கொன்று மூக்கைத் தூக்கினார். ஒரு வீச்சுக் காற்று வாலைத் தள்ள, பக்கவாட்டில் சறுக்கி, சறுக்கிய இடத்திலேயே விசையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டார். இருக்கை நடுங்கிற்று.

"திருப்... இல்லை, இறக்... இப்போ..."

அதன்பின் காதுகளில் எஞ்சின் ஓசை மட்டுமே இருந்தது.

கீழே அலையில் மிதவை ஆடுவது தெளிவாகத் தெரியத் தொடங்கியபின்தான் அவருடைய குரல் திரும்பி வந்தது. "அந்தரத்தில் நிற்கிறது."

தளத்தில் இறங்கியதும் மச்சாடோ முதலில் வாய் திறந்தார்.

"என்ன சீடரே, நல்லா ஓடிக்கிட்டிருந்த ரேடியோ நடுவுல பேட்டரி தீர்ந்தாப்பில நின்னுபோச்சு?"

மெய்யம்மை சிரிக்கவில்லை. "ஏன் நிறுத்தினீங்க, சார்?"

"என்ன செய்யறார்னு சொல்லத் தெரியலை, மேடம். எல்லாத்தையும் ஒரே நேரத்துல செஞ்சார்."

"சரி."

அவர் சேந்தனின் மடியில் இருந்த கணினியைத் திறந்து அவர் பக்கமே திருப்பி வைத்தார். சேந்தன் வாயடைத்துப்போயிருந்த அத்தனை நேரமும் பட்டை நீலமாக, மாசு மறுவற்ற நீலமாக ஓடியிருந்தது. நேர்ப்பறப்பு. எல்லா நிலைகளிலும் உலோகத்துக்கு மிக எளிதான நிலை அதுதான்.

"இது ஏன் நிறுத்தலை?"

சேந்தன் எழுந்தார். கணினியை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு தம் அறைக்குப் போனார். மத்தியானச் சாப்பாட்டுக்கு மச்சாடோ அழைத்தபோது கதவைத் திறக்காமலே பசியில்லை என்றார். "கோபமா? வஞ்சிரம் வறுத்திருக்கு, அப்புறம் கோபிச்சுக்கலாமே," என்று கேப்டன் வெளியிலிருந்து கூவியும் பயனில்லை.

உள்ளே அவர் பழைய மீட்புப் பறப்புகளின் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தார். சோதனைப் பறப்பில்தான் முடிவுக்கும் தொடக்கத்துக்கும் இடையே ஒன்றிரண்டு நொடி. மீட்கப் போகும் விமானி எதையும் தொடக்கம் என்று சொல்லித் தொடங்குவதில்லை. முடிவு என்று சொல்லி முடிப்பதும் இல்லை. படகை நெருங்கிய ஒவ்வொரு முறையும், விமானி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போராடிய ஒவ்வொரு முறையும், பட்டை நீலமாகவே ஓடியிருந்தது. அந்த நீலத்தை நிரப்பியவர் தாமே என்பது சேந்தனுக்கு உறைத்தது. பிறகு நிரப்பும் கட்டளையை அழித்தார்.

மறுநாள் மெய்யம்மையிடம் வந்தபோது சேந்தனின் முகம் வாடியிருந்ததே தவிர, நடை வாடவில்லை.

"எந்தப் பெயருக்குள்ளயும் அடங்காத நொடிகளுக்குத் தனியாச் சாம்பல் நிறம் குடுத்துட்டேன், மேடம். தெரியலைங்கறதுக்கு அது. மீட்புப் பறப்புல அஞ்சுல ஒரு பங்கு சாம்பல்."

"பாகம் எவ்வளவு களைச்சுதுன்னு கணக்குப் போடறப்ப அந்தச் சாம்பலை என்ன செய்வீங்க?"

"அதுவும் யோசிச்சுட்டேன். எல்லா நிலைகளோட சராசரி எதுவோ அதுன்னு வெச்சுக்கலாம். நியாயமா இருக்கும்."

"போன மழையில மீன் சந்தைப் பக்கம் தெருவெல்லாம் தண்ணி நின்னுதே, பைக்ல வந்தீங்களா?"

"வந்தேன். தண்ணிக்குள்ள ஓட்டலை. இறங்கித் தள்ளிக்கிட்டு ஓரமாப் போனேன்."

"ஏன்?"

"எங்கே எவ்வளவு பள்ளம்னு யாருக்குத் தெரியும்?"

"நம்ம ஊர்ப் பள்ளத்தோட சராசரி ஆழம் தெரியாதா உங்களுக்கு?"

சேந்தன் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். எழுந்து போனார். அன்று மாலையே சாம்பல் நொடிகள் அனைத்தும், எல்லாவற்றிலும் கடுமையான நிலையாகக் கணக்கில் ஏறின.

அதன்பின் புதிதாகப் பறந்து பார்த்தார்கள். மென்பொருள் இதுவரை கண்டிராத பறப்புகள். மச்சாடோவோடு இன்னொரு விமானியும் ஓட்டினார். யாரும் எதையும் ஒப்பிக்கவில்லை. பின்னிருக்கையில் இருவர் ஒருவரோடு ஒருவர் பேசாமல் ஹெலிகாப்டர் செய்வதைத் தனித்தனியே குறித்துக்கொண்டார்கள். குறிப்புகளை மென்பொருளோடு ஒப்பிட்டபோது, அது பெயர் சொன்ன இடங்களில் பிழை மிகமிகச் சில. அந்தச் சிலவற்றிலும் மென்மையானதைக் கடுமை என்று சொல்லியிருந்ததே அன்றி, கடுமையானதை மென்மை என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. மற்ற இடங்களில் தெரியவில்லை என்றது. ஆக மொத்தத்தில் மதிப்பெண் எண்பதுக்கு இறங்கியிருந்தது.

முன்பு மூன்று ரோட்டார் தலைகளும் இன்னும் இரண்டாண்டு தாங்கும் என்று சொன்ன அதே மென்பொருள், இப்போது இரண்டு மட்டும் தை வரை தாங்கும் என்றது. மூன்றாவது, மீட்புக்கு மிகுதியாகப் போய்வந்த ஹெலிகாப்டருடையது, ஏற்கெனவே தன் ஆயுளைக் கழித்துவிட்டது என்றது.

சேந்தன் அந்த வரியைப் பலமுறை படித்தார். முந்தைய மதிப்பெண்ணுக்குக் கையெழுத்துக் கிடைத்திருந்தால் அந்த ஹெலிகாப்டர் இந்நேரம் எங்கே இருந்திருக்கும் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. மச்சாடோகூடக் கேட்கவில்லை. மூன்றாவது ஹெலிகாப்டரைக் கொட்டகைக்குள் தள்ளும்போது, அதன் மூக்கில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

நிறுவனத்தின் இயக்குநர் தொலைபேசியில் அழைத்தபோது சேந்தன் மெய்யம்மையின் அறையில்தான் இருந்தார். இயக்குநரின் குரல் மேசைக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது.

"மூணும் பறக்கும்னு சொன்னாங்களே அம்மா?"

"ரெண்டு பறக்கும், சார்."

"முதல்ல குடுத்த அறிக்கை நல்லா இருந்துதே?"

"ரொம்ப நல்லா இருந்தது, சார்," என்று சொல்லி மெய்யம்மை தொலைபேசியை வைத்தார். பேனாவைத் திறந்து இரண்டு ஹெலிகாப்டர்களுக்கும் கையெழுத்திட்டார்.

"மேடம், தொண்ணூத்தொன்பதுக்குப் போடாத கையெழுத்தை எண்பதுக்குப் போடறீங்க."

"ஆமா."

"ஏன்னு சொல்லமாட்டீங்களா?"

"மை காயட்டும்."

கார்த்திகை பிறந்து கடல் கறுத்தது. ஒருநாள் விடிந்த கொஞ்ச நேரத்தில் செய்தி வந்தது: தோணி ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது, மூன்று பேர் அதைப் பற்றிக்கொண்டிருக்கிறார்கள். மச்சாடோ கையெழுத்தான இரண்டில் ஒன்றில் ஏறினார். ஏறும்போது சேந்தனைப் பார்த்துக் கையசைத்தார். கேலி செய்ய நேரமில்லை.

ஹெலிகாப்டர் மேகத்துக்குள் மறைந்தது. மழை சாய்வாக அடித்தது. மெய்யம்மையும் சேந்தனும் கொட்டகை வாசலிலேயே நின்றார்கள். அறைக்குப் போகலாம் என்று இருவரில் ஒருவரும் சொல்லவில்லை. அண்ணாந்து பார்த்துப் பார்த்துச் சேந்தனுக்குக் கழுத்து வலித்தது. தாம் கணக்கிட்ட ரோட்டார் தலை அந்த மழைக்குள் எங்கோ சுழன்றுகொண்டிருந்தது.

ஒலிதான் முதலில் வந்தது, பிறகு விளக்கு, பிறகு ஹெலிகாப்டர். கதவு திறந்ததும் போர்வை சுற்றிய மூன்று பேரை ஆம்புலன்ஸுக்கு அழைத்துப் போனார்கள். ஒருவர் தாமே நடந்தார். மச்சாடோ கடைசியாக இறங்கினார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"சீடரே, உங்க பெட்டியைத் திறந்து நான் என்ன செஞ்சேன்னு கேட்டுச் சொல்லுங்க. காத்து ஓரிடத்துல நிக்கவே விடலை. என்ன செஞ்சேன்னு சத்தியமா எனக்கே தெரியலை."

"முதல்ல போய்த் தலையைத் துவட்டுங்க, கேப்டன்."

"துவட்டற அளவுக்கு எனக்கு முடி இருக்கு," என்று சொல்லிக்கொண்டே அவர் தேநீர் தேடிப் போனார்.

மெய்யம்மை ஏணியில் ஏறி, ரோட்டார் தலையைச் சுற்றிலும் விளக்கடித்து, விரலால் தடவிப் பார்த்தார். இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டார். "நல்லா இருக்கு," என்றார். இம்முறை அது பாராட்டுதான்.

அதற்குள் சேந்தன் பதிவைக் கணினிக்கு மாற்றியிருந்தார். பட்டை விரிந்தது. பச்சை, நீலம், பிறகு சாம்பல். திரையின் நடுப்பகுதி முழுவதும் சாம்பல். அது தீர்ந்தபின் மறுபடி கொஞ்சம் பச்சை, வீடு திரும்பும் நீலம். சேந்தனின் முகத்தில், ஓட்டைகளைக் கண்டால் வரும் பழைய கூச்சம் வந்து உட்கார்ந்தது.

"இன்னும் இவ்வளவு நீளத்துக்குத் தெரியலைன்னே சொல்லுது, மேடம். எனக்குக் கொஞ்ச காலம் குடுங்க. இதைக் குறைச்சுக் காட்டறேன்."

மெய்யம்மை குனிந்து பார்த்தார். சாம்பல் தொடங்கும் இடத்தில் விரலை வைத்து, அது முடியும் இடம்வரை மெதுவாக நகர்த்திக்கொண்டு போனார்.

"குறைக்கலாம், சார். மூணு பேரும் மேலே வந்தது இதுக்குள்ளேதான்."